வீட்டுக்கே வந்து பாத்துட்டு போனாங்க, அப்புறம் ஏன் பாயிண்ட் வரல? பிஐபி வீட்டு அசெஸ்மெண்ட் பத்தி ஒரு எளிய விளக்கம்

எங்க அக்காவுக்கு ரூமடாய்டு ஆர்த்ரைட்டிஸ், நம்ம ஊர்ல முடக்கு வாதம்னு சொல்றது. விரல் மூட்டு, மணிக்கட்டு, முட்டி, பாதம்னு ஒரு எடம் விடல. இங்க யூகே-ல பிஐபி-ங்கற மாற்றுத்திறனாளி உதவித்தொகைக்கு அப்ளை பண்ணப்போ அசெஸ்மெண்ட் சென்டர் வரைக்கும் பஸ்ல போய் வர முடியாதுன்னு ஜிபி, அதாவது குடும்ப டாக்டர், லெட்டர் குடுத்தாரு, அதனால அசெஸ்மெண்ட வீட்டுலயே வச்சாங்க. எங்களுக்கு ஒரே சந்தோஷம். வீட்டுக்கே வர்றாங்க, அக்கா படுற பாட்ட கண்ணால பாத்துட்டு போகப்போறாங்க, இதுக்கு மேல என்ன ப்ரூஃப் வேணும்னு நெனச்சோம். ஒரு நர்ஸ் அம்மா வந்தாங்க, ஒரு மணி நேரத்துக்கு மேல இருந்தாங்க, நல்லா சிரிச்சு பேசுனாங்க, போனாங்க. ஏழு வாரம் கழிச்சு லெட்டர் வந்துச்சு. அன்றாட வேலைகளுக்கு 4 பாயிண்ட், நடக்குறதுக்கு 4 பாயிண்ட். எதுக்கு பணம் வரணும்னாலும் அதுல கொறஞ்சது 8 வேணும். ஒரு பைசா கெடையாது.

அந்த லெட்டர கையில வச்சுக்கிட்டு இது என்னடா கணக்குன்னு நான் உக்காந்து படிச்சதுல இருந்துதான் இத எழுதுறேன். புதுசா அப்ளை பண்றவங்க, அம்மா அப்பாவுக்காகவோ வீட்டுக்காரருக்காகவோ ஃபார்ம் நிரப்புறவங்க, இந்த ஹோம் விசிட்னா என்ன, அதுல எங்க வழுக்கும்னு தெரிஞ்சுக்கிட்டா போதும், மத்தது தானா புரியும்.

மொதல்ல பிஐபின்னா என்னன்னு சுருக்கமா. பெர்சனல் இண்டிபெண்டன்ஸ் பேமெண்ட். 2013 ஏப்ரல்ல ஆரம்பிச்சது, அதுக்கு முன்னாடி டிஎல்ஏ-ன்னு ஒண்ணு இருந்துச்சு, பெரியவங்களுக்கு அதுக்கு பதிலா வந்ததுதான் இது. 16 வயசுல இருந்து ஸ்டேட் பென்ஷன் வயசு வரைக்கும் இருக்குறவங்க புதுசா அப்ளை பண்ணலாம், பென்ஷன் வயசு தாண்டிட்டா அட்டெண்டன்ஸ் அலவன்ஸ்னு வேற. வருமானம், சேமிப்பு எதையும் பாக்க மாட்டாங்க, வேலைக்கு போறவங்களும் வாங்கலாம், வரி கெடையாது. ஆனா விசாவுல பப்ளிக் ஃபண்ட்ஸ், அதாவது அரசாங்க உதவித்தொகை, கெடையாதுன்னு போட்டிருந்தா இதுல கை வைக்கவே கூடாது, அது பெரிய பிரச்சனைல கொண்டு போய் விட்ரும்.

பணம் ரெண்டு பாகமா வரும். டெய்லி லிவிங் ஒண்ணு, மொபிலிட்டி ஒண்ணு. டெய்லி லிவிங்ல 10 வேலைகள பாப்பாங்க: சமைக்கிறது, சாப்பிடுறது, மருந்து மாத்திரை பாத்துக்குறது, குளிக்கிறது, டாய்லெட், ட்ரெஸ் போடுறது, பேசுறது, படிக்கிறது, மனுஷங்களோட பழகுறது, பணக்கணக்கு முடிவெடுக்கிறது. மொபிலிட்டில 2: ஒரு எடத்துக்கு வழி பாத்து போறது, அப்புறம் நடக்குறது. ஒவ்வொண்ணுக்கும் கீழ படிப்படியா வாக்கியங்கள் இருக்கும், நமக்கு எது பொருந்துதோ அதுக்கு ஏத்த பாயிண்ட். ஒரு பாகத்துல 8 வந்தா ஸ்டாண்டர்ட், 12 வந்தா என்ஹான்ஸ்ட். 2025-26 கணக்குப்படி டெய்லி லிவிங் ஸ்டாண்டர்ட் வாரம் 73.90 பவுண்ட், என்ஹான்ஸ்ட் 110.40. மொபிலிட்டில 29.20, 77.05-ஆ இருந்துச்சு. நாலு வாரத்துக்கு ஒரு தடவ அக்கவுண்ட்ல விழும்.

இதுல புதுசா வர்றவங்க எல்லாரும் மொதல்ல சறுக்குற எடம் ஒண்ணு இருக்கு. வியாதி பேருக்கு பாயிண்ட் கெடையாது. எம்எஸ்-ங்கற நரம்பு வியாதி இருக்கு, ஆர்த்ரைட்டிஸ் இருக்கு, டிப்ரஷன் இருக்குன்னு ஸ்பெஷலிஸ்ட் லெட்டர் பத்து அடுக்கினாலும், அந்த வியாதியால நீங்க சட்டைய எப்படி போடுறீங்க, தலைய எப்படி கழுவுறீங்கங்கறதுக்குத்தான் பாயிண்ட். வியாதிய பத்தி லெட்டர் எழுதத்தான் டாக்டருக்கு தெரியும், சட்டை போடுறத பத்தி டாக்டர் எங்க பாத்தாரு.

சரி, அசெஸ்மெண்ட்டுக்கு வருவோம். ஃபார்ம நிரப்பி அனுப்புனதும் டிடபிள்யூபி, அதாவது இந்த பணத்த குடுக்குற அரசாங்க துறை, அத ஒரு தனியார் கம்பெனிக்கு தள்ளி விடும், காண்ட்ராக்ட் எடுத்த கம்பெனி. அவங்க நர்ஸ், பிசியோ, ஆக்குபேஷனல் தெரப்பிஸ்ட், பாராமெடிக்னு யாராவது ஒருத்தர விட்டு அசெஸ்மெண்ட் பண்ணுவாங்க. அது பேப்பர்லயே முடியலாம், ஃபோன்ல நடக்கலாம், வீடியோவுல நடக்கலாம், சென்டர்ல நடக்கலாம், வீட்டுல நடக்கலாம். 2020 மார்ச்சுல கோவிட் வந்தப்போ நேர்ல பாக்குறத நிறுத்துனாங்க, அதுக்கப்புறம் ஃபோன்தான் பெரும்பாலும். நேர்ல பாக்குறத மறுபடியும் கூட்டப்போறதா 2025-ல அரசாங்கம் சொல்லுச்சு, அதனால ஹோம் விசிட் பத்தி தெரிஞ்சு வச்சுக்குறது வீண் போகாது. வீட்டுக்கு வர சொல்லி நாமளா கேக்கலாம், ஆனா ஏன் வெளிய வர முடியாதுன்னு டாக்டர் தரப்புல இருந்து ஏதாவது எழுத்துல குடுக்கணும், சும்மா கேட்டா பெரும்பாலும் ஃபோனுக்கு மாத்தி விட்ருவாங்க.

இன்னொண்ணு, வந்து உக்காந்து கேள்வி கேக்குறவங்க முடிவு எடுக்குறவங்க இல்ல. அவங்க ஒரு ரிப்போர்ட் எழுதுவாங்க, அதுல இவங்களுக்கு எந்தெந்த வாக்கியம் பொருந்தும்னு பரிந்துரை பண்ணுவாங்க, டிடபிள்யூபி-ல இருக்குற கேஸ் மேனேஜர்தான் முடிவு எடுப்பாரு. காகிதத்துல அப்படி. நடைமுறையில அந்த கேஸ் மேனேஜர் உங்கள பாத்ததே கெடையாது, அவர் கையில இருக்குறது அந்த ரிப்போர்ட்டும் உங்க ஃபார்மும்தான், ரிப்போர்ட் என்ன சொல்லுதோ அதுதான் பெரும்பாலும் லெட்டர்ல வருது.

அப்போ ரிப்போர்ட்ல என்ன எழுதுறாங்கங்கறதுதான் எல்லாமே. நாம சொல்ற பதில் ஒரு பக்கம் இருக்கும், அதோட இன்ஃபார்மல் அப்சர்வேஷன்னு ஒண்ணு இருக்கும். அதாவது கேள்வி கேக்காமலே கண்ணால பாத்து குறிச்சுக்குறது. வாசக்கதவ யார் தொறந்தா, எத்தன அடி நடந்தாங்க, சோஃபாவுல எவ்ளோ நேரம் அசையாம உக்காந்தாங்க, மூச்சு வாங்குச்சா, கண்ண பாத்து பேசுனாங்களா, பைய குனிஞ்சு எடுத்தாங்களா. கதவ தொறந்த நிமிஷத்துல இருந்து இது ஆரம்பிக்குது. இது திருட்டுத்தனம்லாம் இல்ல, ரிப்போர்ட்ல இதுக்குன்னே பகுதி இருக்கு, அவங்களுக்கு குடுத்திருக்குற வழிகாட்டிலயே இருக்கு. ஆனா நமக்கு இத யாரும் முன்கூட்டி சொல்றதில்ல, நாம என்னமோ முதல் கேள்வியில இருந்துதான் அசெஸ்மெண்ட் ஆரம்பம்னு நெனச்சுக்கிட்டு அதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் உபசாரம் பண்ணிட்டு இருப்போம்.

எங்க வீட்டுல உபசாரம்தான் கவுத்துச்சு.

வீட்டுக்கு ஒருத்தங்க வந்திருக்காங்க, வெளிய மழை, அக்காவால சும்மா உக்கார முடியுமா. நான் போடுறேன்னு சொன்னேன், "டேய் நீ உக்காரு, உனக்கு சக்கர அளவு தெரியாது"ன்னு எழுந்து போய்ட்டாங்க. கெட்டில் ஏற்கனவே ஒரு கப் தண்ணியோட இருந்துச்சு, காலைல மாமா வேலைக்கு போறதுக்கு முன்னாடி அளவா ஊத்தி வச்சிட்டு போவாரு, ஏன்னா நெறஞ்ச கெட்டில அக்காவால தூக்க முடியாது. அந்த கெட்டில் கூட ஒரு ஸ்டாண்டுல நிக்குது, தூக்காம சாய்ச்சா போதும். பால் டப்பா மூடி லேசா திருகி வச்சிருக்கும், அதுவும் மாமா வேல. கப்ப அக்கா காதுல பிடிக்க மாட்டாங்க, ரெண்டு உள்ளங்கையாலயும் பக்கவாட்டுல அணைச்சு, கிண்ணத்துல தீர்த்தம் வாங்குற மாதிரி, அடிமேல அடி வச்சு கொண்டு வந்தாங்க. சூடு பொறுக்காம டீப்பாய்ல வைக்கும்போது கொஞ்சம் சிந்துச்சு. அந்த நர்ஸ் அம்மா தேங்க்யூன்னு சிரிச்சாங்க, லேப்டாப்ல ஏதோ தட்டுனாங்க.

ரிப்போர்ட்ல வந்தது இதான்: எந்த சிரமமும் தெரியாம சூடான பானம் தயாரிச்சு, அதை ஹாலுக்கு எடுத்துட்டு வந்தாங்க, அதனால எளிய சாப்பாடு ஒண்ணு செய்ய முடியும்னு கருதலாம். சமையலுக்கு பூஜ்யம்.

இதுல ஒரு விஷயம் எனக்கு பின்னாடிதான் தெரிஞ்சுது. விதிகள்ல எளிய சாப்பாடுங்கறதுக்கு ஒரு அர்த்தம் இருக்கு: ஃப்ரெஷ்ஷான பொருள வச்சு ஒருத்தருக்கு சமைச்ச ஒரு வேள சாப்பாடு. காய் தோல் சீவுறது, நறுக்குறது, டின் தொறக்குறது எல்லாம் அதுல சேத்தி. டீ போடுறது அதுல வரவே வராது. அதே மாதிரி குனிஞ்சு ஓவன்ல வைக்கிறதும் வராது, இடுப்பு உயரத்துலயோ அதுக்கு மேலயோ சூடாக்குறததான் சமைக்கிறதுன்னு எடுத்துக்குவாங்க. அதனால "ஓவன்ல வைக்க குனிய முடியாது"ன்னு பக்கம் பக்கமா எழுதுறவங்க அந்த நேரத்துல கத்தி பிடிக்க முடியாதத எழுதுங்க.

வீட்டுல வச்சு பாக்குறதுல இருக்குற பெரிய சிக்கலே இதான்னு எனக்கு படுது. வீடுங்கறது அந்த வியாதிக்கு ஏத்த மாதிரி வருஷக்கணக்கா மாத்தி மாத்தி அமைச்ச எடம். எட்டுற உயரத்துல தட்டு, பிடிச்சு நடக்க சோஃபா ஓரம், ஜிப் இல்லாத நைட்டி, லேஸ் இல்லாத செருப்பு, யாரோ ஒருத்தர் காலைலயே பாதி வேலைய முடிச்சு வச்சிருப்பாங்க. பாக்குறவங்க கண்ணுக்கு வேல நடக்குறது தெரியும், அதுக்கு பின்னாடி இருக்குற ஏற்பாடு தெரியாது. சென்டருக்கு போயிருந்தா அக்கா வாசல்லயே நாலு தடவ நின்னு நின்னு போயிருப்பாங்க, அது எழுதப்பட்டிருக்கும். வீட்டுல ஹால்ல இருந்து கிச்சன் ஆறு மீட்டர் கூட இல்ல, அதுல என்னத்த பாத்து 50 மீட்டருக்கு மேல நடப்பாங்கன்னு எழுதுனாங்களோ.

பாத்ரூம் கதையும் அப்படித்தான். எங்க வீட்டுல டப்ப எடுத்துட்டு தரையோட இருக்குற ஷவரா மாத்தியாச்சு. நர்ஸ் அம்மா எட்டி பாத்துட்டு நல்ல வசதியா இருக்குன்னு சொன்னாங்க. ஆனா விதிப்படி குளிக்கிறதுன்னா மாத்தி அமைக்காத சாதா பாத்டப்லயோ ஷவர்லயோ ஏறி எறங்குறதையும் சேத்துத்தான். உங்க வீட்டு ஷவர் எவ்ளோ வசதியா இருந்தாலும் கேள்வி சாதா டப்ப பத்தினதுதான். செலவு பண்ணி மாத்தி வச்ச ஒரே காரணத்துக்காக பாயிண்ட் போகக்கூடாது, ஆனா அத நாம வாய தொறந்து சொல்லலைன்னா போயிடும்.

இன்னொரு அநியாயம், வீட்டுக்கு ஆள் வர்றாங்கன்னா நம்ம ஜனங்க என்ன பண்ணும்? மொத நாளே வீட்ட பளபளன்னு ஆக்கிடும். அண்ணி வந்து கூட்டி பெருக்கிட்டு போனாங்க, அக்கா பொண்ணு அம்மாவுக்கு தலை சீவி பின்னி விட்டா, நல்ல குர்த்தா ஒண்ணு மாட்டி விட்டா. ரிப்போர்ட்ல: நேர்த்தியாக உடுத்தி, தலை வாரி இருந்தார். யார் வாரி விட்டதுன்னு கேக்கல, நாங்களும் சொல்லல. கேக்காம நாம ஏன் சொல்லணும்னு ஒரு கூச்சம் வேற. டாய்லெட் பத்தி கேட்டப்போ நான் பக்கத்துல உக்காந்திருந்தேன், தம்பி முன்னாடி அக்கா என்ன சொல்லுவாங்க, "அதெல்லாம் பிரச்சனை இல்ல"ன்னு ஒரே வரியில முடிச்சிட்டாங்க. சீட்ட உயர்த்தி கம்பி போட்டு வச்சிருக்கோம், அதுக்கு மட்டுமே 2 பாயிண்ட் இருக்கு. அந்த எடத்துல நான் எழுந்து வெளிய போயிருக்கணும், எனக்கு தோணல.

மொழி பத்தியும் சொல்லணும். இன்டர்ப்ரெட்டர் வேணும்னு முன்கூட்டியே கேட்டா ஏற்பாடு பண்ணித் தருவாங்க, எங்களுக்கு ஸ்பீக்கர் ஃபோன்ல வந்தாங்க, யாழ்ப்பாணத்துக்காரங்க, நல்ல மனுஷி. தலைக்கு குளிக்க ஏலுமோன்னு கேட்டாங்க. அக்கா சொன்ன பதில், "எப்படியோ சமாளிச்சுக்குவேன்." அது இங்கிலீஷ்ல போனப்போ மேனேஜ் பண்றாங்கன்னு போச்சு. தப்பு மொழிபெயர்ப்புன்னு சொல்ல முடியாது, ஆனா நம்ம காதுல சமாளிக்கிறதுன்னா பல்ல கடிச்சுக்கிட்டு ஓட்டுறது, ரிப்போர்ட்ல மேனேஜ்னா தனியா நல்லபடியா செய்றாங்க. வந்ததும் வராததுமா "எப்படி இருக்கீங்க"ன்னு கேட்டதுக்கு "நல்லா இருக்கேங்க"ன்னு சொன்னதையும் விடல, எழுதி இருந்துச்சு. ஊர்ல யாராவது எப்படி இருக்கீங்கன்னு கேட்டா நாம வியாதி லிஸ்ட்டா வாசிப்போம்?

அதனால "முடியும்", "செய்வேன்", "சமாளிப்பேன்" இந்த மூணு வார்த்தையும் அன்னைக்கு வேண்டாம். பதிலா என்ன நடக்குதோ அத அப்படியே சொல்லுங்க. "வாரத்துல ரெண்டு நாள்தான் தலைக்கு ஊத்துறேன், பொண்ணு ஊத்தி விடுறா, கைய தலைக்கு மேல தூக்குனா தோள்பட்டை பிடிச்சுக்கும், அன்னைக்கு பூரா படுத்துருவேன்." இதுல மேனேஜ்னு மொழிபெயர்க்க ஒண்ணும் இல்ல. இன்னொண்ணு, பேசுறதுக்கும் படிக்கிறதுக்கும் இருக்குற பாயிண்ட் வியாதியால வர்ற சிரமத்துக்குத்தான், இங்கிலீஷ் தெரியாததுக்கு இல்ல, அத எழுதி வாதம் பண்ணி நேரத்த வீணாக்காதீங்க.

இப்போ இந்த கட்டுரையிலயே ரொம்ப முக்கியமான பகுதி, இத மட்டும் ரெண்டு தடவ படிங்க. ஒரு வேலைய உங்களால செய்ய முடியும்னு எழுதணும்னா, வெறுமனே ஒரு தடவ செஞ்சு காட்டுனா பத்தாது. 2013 பிஐபி விதிகள்ல 4-வது விதிக்குள்ள நாலு நிபந்தனை இருக்கு. பாதுகாப்பா செய்யணும், அதாவது உங்களுக்கோ மத்தவங்களுக்கோ அடிபடாம. ஏத்துக்குற தரத்துல செய்யணும். எத்தன தடவ தேவையோ அத்தன தடவ செய்ய முடியணும். நியாயமான நேரத்துக்குள்ள செய்யணும், அதாவது அந்த வியாதி இல்லாதவங்க சாதாரணமா அதிகபட்சம் எடுத்துக்குற நேரத்த விட ரெண்டு மடங்குக்கு மேல ஆகக்கூடாது. இதுல ஒண்ணு தப்பினாலும் அந்த வேலைய அந்த விதமா செய்ய முடியாதுன்னுதான் கணக்கு. அக்கா டீய இந்த நாலுல வச்சு பாருங்க: சூடான கப்ப உள்ளங்கையில அணைச்சுட்டு வர்றது பாதுகாப்பு இல்ல, சிந்துச்சு, ஒரு கப் போட்டதுக்கே மணிக்கட்டு வீங்கி அன்னைக்கு ராத்திரி ஸ்ப்ளிண்ட் கட்டிட்டு படுத்தாங்க, ரெண்டாவது டீ அன்னைக்கு கெடையாது. ஆனா அந்த ராத்திரிய யாரு பாத்தா? ஒரு மணி நேரத்துல கெளம்பி போறவங்களுக்கு அது தெரியாது, நாமதான் சொல்லணும்.

இதோட சேந்த இன்னொரு விதி, நாட்கள் கணக்கு. நல்ல நாள் கெட்ட நாள் மாறி மாறி வர்றவங்களுக்கு, ஒரு வருஷத்துல பாதி நாளுக்கு மேல எப்படி இருக்கீங்களோ அதுதான் எடுத்துக்கணும். அசெஸ்மெண்ட் அன்னைக்கு நல்ல நாளா அமஞ்சு போச்சுன்னா அத சொல்லிடுங்க, "இன்னைக்கு பரவால்ல, இந்த மாதிரி நாள் வாரத்துல ரெண்டுதான்"னு. அக்கா கேஸ்ல நல்ல நாள் கூட இல்ல, காலைலயே பெயின் கில்லர் ரெண்டு போட்டுட்டு உக்காந்திருந்தாங்க, வர்றவங்க முன்னாடி முனகக்கூடாதுன்னு.

உடம்ப பரிசோதிக்கிறதும் இருக்கும், கைய தூக்குங்க, தலைக்கு பின்னாடி கொண்டு போங்க, விரல பிடிச்சு அழுத்துங்கன்னு. வலிச்சா நிறுத்திடலாம், வலிக்குதுன்னு வாயால சொல்லணும், பல்ல கடிச்சுட்டு முழுசா தூக்கி காட்டுனா முழுசா தூக்குனாங்கன்னுதான் எழுதுவாங்க. மனசு சம்பந்தமா இருந்தா 100-ல இருந்து ஏழு ஏழா கழிச்சுட்டு வாங்கன்னு கேக்குறதும் உண்டு.

வர்றவங்கள திட்டுறதுக்காக இத எழுதல. அந்த நர்ஸ் அம்மா கெட்டவங்கன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தோணல. முன்னபின்ன தெரியாத ஒரு வீட்டுல 12 விஷயத்தையும் ஒரு மணி நேரத்துல கேட்டு, தட்டச்சும் பண்ணி, அடுத்த வீட்டுக்கு ஓடணும். அவசரத்துல கண்ணுக்கு தெரிஞ்சது சுலபமா எழுதப்படுது, காதுல விழுந்தது பாதியா எழுதப்படுது. ஆனா ஒண்ணு மட்டும் என்னால ஜீரணிக்க முடியல, "அக்கா உங்களுக்கு கெட்டில யார் நெரப்புறா"ன்னு ஒரு கேள்வி, ஒரே ஒரு கேள்வி, கேட்டிருக்கலாம்.

தேதி விஷயத்துல உள்ள தொல்லை தனி. கொறஞ்சது 7 நாள் முன்னாடி எழுத்துல நோட்டீஸ் குடுக்கணும், நாமளா ஒத்துக்கிட்டா மட்டும்தான் அதுக்கு முன்னாடி. நாம சரியான காரணம் இல்லாம தவற விட்டா க்ளைமே தள்ளுபடி ஆகலாம். அவங்க வரலைன்னா? எங்களுக்கு மொத தேதியில காலை ஒம்பதுல இருந்து மத்தியானம் வரைக்கும் யாரும் வரல, மாமா லீவு போட்டது வீண், ஃபோன் பண்ணா ஆள் சிக்கிக்கிட்டாங்கன்னு ஒரு பதில், மூணு வாரம் கழிச்சு வேற தேதி. அப்படி ஆச்சுன்னா அன்னைக்கே கம்பெனிக்கு கூப்பிட்டு சொல்லி, யார்கிட்ட எத்தன மணிக்கு பேசுனோம்னு ஒரு நோட்டுல எழுதி வைங்க, இல்லன்னா தப்பு நம்ம பக்கம்னு எங்கயாவது பதிவாகி இருக்கும்.

விசிட் அன்னைக்கு கூட ஒருத்தர் இருக்கலாம், அவங்க பேசலாம், அது உரிமை. அக்கா மாதிரி கூச்சப்படுறவங்களுக்கு கூட இருக்குறது ஒரு பொம்பளையா இருந்தா நல்லது. ஆடியோ ரெக்கார்டிங் வேணும்னா முன்கூட்டியே கம்பெனிகிட்ட கேக்கணும், அன்னைக்கு வந்து கேட்டா சிக்கல். ஃபார்ம ஒரு காப்பி எடுத்து மடியில வச்சுக்கோங்க, ஃபார்ம்ல ஒண்ணும் வாயில ஒண்ணும் வந்துச்சுன்னா அதையும் எழுதுவாங்க. வீட்ட வழக்கம் போல விட்ருங்க, நடிக்க சொல்லல, அழுக்காக்க சொல்லல, வழக்கம் எப்படியோ அப்படி. ஸ்டாண்டு, கம்பி, ஜார் தொறக்குற ரப்பர், மாத்திரை டப்பா எல்லாத்தையும் ஒண்ணொண்ணா காட்டி இது எதுக்குன்னு சொல்லுங்க, ஹோம் விசிட்ல இருக்குற ஒரே லாபம் அதான், சென்டர்ல அத காட்ட முடியாது. டீய விட்டுத்தள்ளுங்க.

ஸ்காட்லாந்துல இருக்குறவங்களுக்கு இது வேற. அங்க 2022-ல இருந்து அடல்ட் டிசெபிலிட்டி பேமெண்ட்னு வந்துடுச்சு, சோஷியல் செக்யூரிட்டி ஸ்காட்லாந்து நேரடியா நடத்துது, பாயிண்ட் கணக்கு கிட்டத்தட்ட இதேதான், ஆனா தனியார் கம்பெனி அசெஸ்மெண்ட் கெடையாது.

ரிசல்ட் மோசமா வந்துச்சுன்னா மொத வேலையா டிடபிள்யூபி-க்கு ஃபோன் பண்ணி அசெஸ்மெண்ட் ரிப்போர்ட் காப்பி அனுப்ப சொல்லுங்க. அது இல்லாம சண்ட போடுறது இருட்டுல கம்பு சுத்துறது. அப்புறம் லெட்டர்ல இருக்குற தேதியில இருந்து ஒரு மாசத்துக்குள்ள மேண்டேட்டரி ரீகன்சிடரேஷன் கேக்கணும், அதாவது டிடபிள்யூபி-யே தன்னோட முடிவ மறுபடி பாக்குறது. ஒரு மாசம் தாண்டிட்டாலும் சரியான காரணம் இருந்தா 13 மாசம் வரைக்கும் கேக்கலாம், விட்ராதீங்க. எழுதும்போது ரிப்போர்ட் பொய்னு கத்துறத விட, இந்த வரியில இப்படி இருக்கு, நடந்தது இது, இந்த நாலு நிபந்தனைல இது அடிபடுதுன்னு வரிக்கு வரி எழுதுங்க. சிட்டிசன்ஸ் அட்வைஸ்ல இலவசமா உதவி கெடைக்கும், சில கவுன்சில்கள்ல வெல்ஃபேர் ரைட்ஸ் ஆளுங்களும் இருக்காங்க.

அங்கயும் மாறலைன்னா ட்ரிப்யூனல். இது டிடபிள்யூபி-க்கு சம்பந்தம் இல்லாத தனி அமைப்பு, ஒரு ஜட்ஜ், ஒரு டாக்டர், மாற்றுத்திறன் பத்தி அனுபவம் உள்ள ஒருத்தர்னு மூணு பேர். கோர்ட்டுன்னதும் பயந்து நெறய பேர் இங்கயே நின்னுடுறாங்க, ஆனா விசாரணை வரைக்கும் போற பிஐபி கேஸ்கள்ல பாதிக்கு மேல க்ளைம் பண்ணவங்க பக்கம்தான் தீர்ப்பு வருது, வருஷக்கணக்கா அப்படித்தான். அப்பீல் பண்ண ஃபீஸ் கெடையாது. ஒரே தொல்லை காத்திருக்கணும், மாசக்கணக்குல. இன்னொண்ணு தெரிஞ்சுக்கணும், அவங்க முழுசா புதுசா பாக்குறதால ஏற்கனவே வாங்கிட்டு இருக்குற பாயிண்ட் கொறையவும் வாய்ப்பு இருக்கு, கொஞ்சம் கெடச்சு இன்னும் வேணும்னு போறவங்க மொதல்ல யார்கிட்டயாவது ஆலோசனை கேட்டுட்டு போங்க. எங்களுக்கு கெடச்ச பணம் பூஜ்யம்தான், இழக்க என்ன இருக்கு.

எங்க ரீகன்சிடரேஷன் ஒரு வரி கூட மாறாம திரும்பி வந்துச்சு. ட்ரிப்யூனல்ல அந்த டாக்டரம்மா பேப்பர புரட்டிட்டு டீ பத்தி கேட்டாங்க. டீ போட்டீங்களான்னு கேக்கல, எப்படி போட்டீங்கன்னு கேட்டாங்க. அக்கா மேசை மேல இருந்த தண்ணி க்ளாஸ எடுத்தாங்க, ரெண்டு உள்ளங்கையாலயும் அணைச்சு, அதே மாதிரி. விரல் ஒண்ணு கூட மடங்கல. கெட்டில யார் நெரப்புறாங்கன்னு அடுத்த கேள்வி வந்துச்சு. நான் மாமாவ பாத்தேன், மாமா தரைய பாத்துட்டு இருந்தாரு.

சமையலுக்கு 4, குளியலுக்கு 2, டாய்லெட்டுக்கு 2, ட்ரெஸ்ஸுக்கு 2, மருந்துக்கு 1, மொத்தம் 11. நடக்குறதுக்கு 8, ஏன்னா 20 மீட்டருக்கு மேல 50-க்குள்ளதான் நம்பகமா நடக்க முடியும்னு எடுத்துக்கிட்டாங்க. ரெண்டுலயும் ஸ்டாண்டர்ட். க்ளைம் பண்ண தேதியில இருந்து கணக்கு போட்டு பாக்கி மொத்தமா வந்துச்சு. மூணு வருஷத்துக்கு குடுத்திருக்காங்க, அது முடியுறதுக்குள்ள ரிவ்யூ ஃபார்ம் வரும், மறுபடியும் யாராவது வீட்டுக்கு வரலாம். அக்கா இப்பவே சொல்லி வச்சிருக்காங்க, வர்றவங்களுக்கு நான்தான் டீ போடணுமாம், சக்கர ரெண்டு ஸ்பூனுக்கு மேல போடக்கூடாதாம்.